ஷௌக்: பிழைப்புக்காக அன்றிப் படமெடுத்தவர்களின் கதை

சென்ற குளிர்காலத்தில், பழைய தில்லியின் ஞாயிற்றுக்கிழமைப் பழம்புத்தகச் சந்தையில், ஓர் அட்டைப் பெட்டி நிறைய ஒளிப்பட நெகடிவ்களைக் கண்டேன். நான் தேடிப் போனது பழைய உருது இலக்கண நூல்களை. பெட்டியைத் திறந்து ஒரு துண்டை வெயிலில் பிடித்துப் பார்த்தபோது, ஒரு மாடிக் கைப்பிடிச் சுவரும் அதன்மேல் சாய்ந்து நிற்கும் ஒரு சிறுமியும் தெரிந்தனர். வியாபாரி பெட்டியைக் கையில் தூக்கி எடை பார்த்துவிட்டு இருநூறு ரூபாய் என்றார். யாருடையவை என்று கேட்டேன். "கிசீ ஷௌகீன் கா ஹோகா" என்றார். யாரோ ஒரு ஷௌகீனுடையதாக இருக்கும் என்பது பொருள். பெயர் இல்லை, தெரு இல்லை, ஆண்டு இல்லை. அந்த மனிதரைப் பற்றி எஞ்சியிருந்த ஒரே தகவல் அந்தச் சொல்தான்.

மொழியியல் படித்த பழக்கத்தால் அச்சொல்லைப் பற்றிக்கொண்டே வீடு திரும்பினேன். ஷௌக் என்பது அரபுச் சொல். ஏக்கம், வேட்கை என்பது அதன் மூலப்பொருள். சூஃபி மரபில் இறைவனை நாடும் உள்ளத்தின் தவிப்பைக் குறிப்பது. அது பாரசீகம் வழியாக இந்திய மொழிகளுக்குள் வந்து, விருப்பம், ஈடுபாடு என்று தணிந்தது. உருதுவிலும் இந்தியிலும் 'ஷௌகியா' என்றால் பிழைப்புக்காக அன்றி விருப்பத்துக்காகச் செய்வது. வங்காளத்தில் அதுவே 'ஷோக்' ஆயிற்று. ஊதியம் பெறாத நாடகக் குழுவை அங்கே 'ஷோகேர் தியேட்டர்' என்பார்கள். தமிழுக்கு அது 'ஷோக்கு', 'சோக்கு' என்று வந்து, உடை மினுக்கோடு நின்றுவிட்டது. மராத்தியர் இதே இடத்தில் ஆசை என்ற பொருளுடைய 'ஹௌஸ்' என்ற சொல்லிலிருந்து 'ஹௌஷீ' என்கிறார்கள். ஆங்கிலத்தின் 'அமெச்சூர்' பிரெஞ்சு வழியே லத்தீனுக்குப் போனால் 'நேசிப்பவர்' என்ற பொருளில் முடிகிறது.

தமிழில் நமக்கு இரண்டு சொற்கள் உள்ளன. ஒன்று 'பொழுதுபோக்கு'. மற்றொன்று, 'தொழில்முறை' என்பதற்கு எதிரிணையாக நாடக உலகம் வழங்கிய 'பயில்முறை'. முன்னது காலத்தைக் கழிப்பது. பின்னது ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்து அதனோடு பழகி வாழ்வது. பயில்தல் என்ற வினைக்குப் பழந்தமிழில் நெருங்குதல், செறிதல், பழகுதல் என்ற பொருள்களெல்லாம் உண்டு. ஒளிப்படக் கருவியை வாழ்நாள் முழுதும் கையில் வைத்திருந்து, அதனால் ஒரு காசும் ஈட்டாமல் மறைந்துபோனவர்களை இவ்விரண்டில் எந்தச் சொல்லால் அழைப்பது என்பதே இப்பதிவின் கேள்வி. இது வெறும் கலைச்சொல் சிக்கல் அன்று. எந்தச் சொல்லால் அழைக்கிறோமோ அதற்கேற்பவே அவர்கள் விட்டுச்சென்ற பெட்டிகளை நடத்துகிறோம்.

இந்திய ஒளிப்பட வரலாறு பெரும்பாலும் இரண்டு வாயில்கள் வழியாகவே சொல்லப்படுகிறது. ஒன்று, கல்கத்தாவின் பார்ன் அண்ட் ஷெப்பர்டு போன்ற ஸ்டூடியோக்களின் வரலாறு. மற்றொன்று, தொல்லியல் அளவாய்வுக்காகவும் மக்களை இனவாரியாக வகைப்படுத்துவதற்காகவும் படமெடுத்த அரசின் வரலாறு. ஸ்டூடியோவுக்குக் கணக்குப் புத்தகம் உண்டு. அரசுக்குக் கோப்பு உண்டு. ஆகவே இரண்டுக்கும் ஆவணம் கிடைக்கிறது. இவற்றுக்கு இடையே மூன்றாவது ஓடை ஒன்று தொடக்கத்திலிருந்தே ஓடுகிறது. அதற்கு வீடுதான் ஆவணக் காப்பகம்.

உண்மையில் இந்நாட்டில் ஒளிப்படம் நிறுவனமாக வடிவெடுத்ததே ஆர்வலர்களின் சங்கங்களில்தான். லண்டனில் ஒளிப்படச் சங்கம் தோன்றியது 1853-இல். அடுத்த ஆண்டே, 1854-இல், பம்பாய்ச் சங்கம் தோன்றிவிட்டது. 1856-இல் கல்கத்தாவில் வங்காளச் சங்கமும், அதே ஆண்டில் சென்னைச் சங்கமும் அமைந்தன. சென்னைச் சங்கத்தின் பின்னணியில் இருந்தவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர். 1850-இல் இவர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளியே இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரியின் மூதாதை. இச்சங்கங்களின் உறுப்பினர்கள் பெரும்பாலும் படை அதிகாரிகள், மருத்துவர்கள், குடிமைப் பணியாளர்கள். பகலில் ஒரு வேலை, மிஞ்சிய நேரத்தில் கண்ணாடித் தகடும் வெள்ளி உப்பும்.

லின்னேயஸ் டிரைப் இவர்களுள் ஒருவர். 1822-இல் பிறந்த இவர் சென்னைப் படையின் அதிகாரி. விடுப்பில் இங்கிலாந்து சென்றிருந்தபோது, முப்பது வயதை ஒட்டி, ஒளிப்படத்தில் ஆர்வம் கொண்டார். 1854-இன் இறுதியில் தம் விருப்பத்துக்காகவே ஹளேபீடு, பேலூர்க் கோயில்களைப் படமெடுத்தார். அப்படங்கள் அவரை அரசின் கண்ணில் பட வைத்தன. 1855-இல் பர்மாத் தூதுக்குழுவோடு அனுப்பப்பட்டார்; 1857-இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரரானார். மதுரை, திருவரங்கம், புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று அவர் எடுத்த படங்கள் தமிழகக் கட்டடக்கலை வரலாற்றில் இன்றும் முதல்நிலைச் சான்றுகள். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். கல்வெட்டை வாசிக்கத் தெரியாத ஒருவர், அதை வாசிக்கப் போகிறவர்களுக்காகச் செய்த வேலை அது.

பின்னர் நடந்ததுதான் நம் பொருளுக்கு முக்கியம். ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் இதை ஆடம்பரச் செலவென்று கருதி நிறுத்தினார். 1860-இல் பதவி போயிற்று. அதன்பின் டிரைப் சிறிதளவே படமெடுத்தார். ஆசையாகத் தொடங்கியது அலுவலாக மாறி, அலுவல் முடிந்தபோது ஆசையும் ஏறக்குறைய முடிந்தது. கருவியையும் வேதிப்பொருள்களையும் உதவியாளரையும் அரசு தந்த காலத்துக்குப் பின், சொந்தக் காசில் அதே பாரத்தைச் சுமப்பது எளிதாக இருந்திராது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

எதிர்த்திசையில் நடந்தவர் தீன் தயாள். 1844-இல் சர்தனாவில் பிறந்து, ரூர்க்கி பொறியியல் கல்லூரியில் பயின்று, இந்தூரில் பொதுப்பணித்துறை வரைவாளராக இருந்தவர். 1874-ஐ ஒட்டி, முப்பது வயதில், கருவியைக் கையிலெடுத்தார். ஏறத்தாழப் பத்தாண்டுகள் அலுவலும் படமுமாக வாழ்ந்து, 1880-களில் அரசுப் பணியைத் துறந்து, ஹைதராபாத் நிஜாமின் அரசவை ஒளிப்படக்காரராக உயர்ந்தார். 'ராஜா' என்ற பட்டத்தோடு வரலாறு அவரை நினைவில் வைத்திருக்கிறது. லக்னோவில் அவருடைய காலத்தவரான தரோகா அப்பாஸ் அலி நகராட்சிப் பொறியாளர். தம் ஊரின் கட்டடங்களை 50 படங்களாக எடுத்து 1874-இல் 'லக்னோ ஆல்பம்' வெளியிட்டார். 1857-க்குப் பின் இடிபாடுகளாகக் கிடந்த நகரத்தில், அதன் சாலைகளையும் கட்டடங்களையும் பராமரிக்கும் பொறுப்பிலிருந்த ஒருவர் அதைப் படத்திலும் காத்துவைக்க நினைத்தது தற்செயலன்று.

ஆனால் இந்த 'நேசம்' எல்லாருக்கும் ஒரே அளவில் அனுமதிக்கப்பட்டதா? வங்காளச் சங்கத்தின் வரலாறு இதற்கு விடை சொல்கிறது. அச்சங்கத்தின் தொடக்ககால உறுப்பினரும் பொருளாளருமாக இருந்தவர் ராஜேந்திரலால் மித்ரா. வடமொழி அறிஞர், பின்னாளில் ஆசியக் கழகத்தின் முதல் இந்தியத் தலைவர். 1857-இல் கல்கத்தா டவுன் ஹாலில் நடந்த கூட்டமொன்றில் ஐரோப்பியத் தோட்ட முதலாளிகளைக் கடுமையாகக் கண்டித்துப் பேசினார். அவுரித் தோட்டங்களில் உழவர்கள் பட்ட பாடு அன்று வங்காளம் அறிந்த செய்தி. சங்கத்தின் ஐரோப்பிய உறுப்பினர்கள் கொதித்தெழுந்தனர். மித்ரா சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். லென்ஸ் பற்றியும் வெள்ளி நைட்ரேட் பற்றியும் பேசக் கூடிய இடத்தில் அவுரியைப் பற்றிய கருத்து ஒருவரை வெளியே தள்ளியது. ஓய்வுநேரம் அரசியலுக்கு அப்பாற்பட்டது என்ற நம்பிக்கையை நான் இந்த நிகழ்ச்சியைப் படித்த நாளிலிருந்து கைவிட்டுவிட்டேன்.

அன்றைய தொழில்நுட்பமும் ஒரு வேலிதான். 1850-களிலிருந்து முப்பதாண்டுகள் கோலோச்சியது ஈரத்தகடு முறை. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பிசினைச் சீராக ஊற்றிப் பரப்ப வேண்டும். வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, அங்கேயே இருட்டில் உருத்துலக்க வேண்டும். குளிர்நாட்டிலேயே சில நிமிடங்கள்தான் அவகாசம். நம் வெயிலில் ஈதர் பறந்துவிடும். தகடு வெடித்துக் காயும். தூய நீர் வேண்டும். இருட்டுக் கூடாரம் வேண்டும். எல்லாவற்றையும் சுமக்க ஆள் வேண்டும். இந்தப் பொழுதுபோக்கு யாருக்குப் பொழுதும் ஆளும் இருந்தனவோ அவர்களுக்கே வாய்த்தது. பேழைகளைத் தலையில் சுமந்து மலையேறிய கூலிகளின் பெயர்கள் எந்த ஆல்பத்திலும் இல்லை.

ஆகவே முதல் தலைமுறை இந்திய ஆர்வலர்களுள் அரசர்கள் இருப்பது வியப்பன்று. ஜெய்ப்பூர் மகாராஜா இரண்டாம் ராம்சிங், 1860-களில் டி. மர்ரே என்ற ஆங்கிலேய ஒளிப்படக்காரரிடம் ஈரத்தகடு முறையைக் கற்று, 1880-இல் மறையும்வரை விடாமல் படமெடுத்தார். அரண்மனையில் இதற்கென்றே 'ஃபோட்டோகானா' இருந்தது. தம்மைத் தாமே சிவபக்தராக அமர்த்தி எடுத்துக்கொண்டார். அவருடைய கண்ணாடித் தகடுகளில் எல்லாவற்றினும் குறிப்பிடத்தக்கவை அந்தப்புரப் பெண்களின் படங்கள். அன்றைய ஐரோப்பிய ஓவியர்கள் அந்தப்புரத்தைக் கற்பனையில் வரைந்து விற்றுக்கொண்டிருந்த காலம் அது. ராம்சிங்கின் படங்களில் அப்பெண்கள் கம்பளத்தின்மேல் நாற்காலியிட்டு, கருவியை நேராகப் பார்த்து, ஒவ்வொருவரும் தனித்தனி ஆளாக அமர்ந்திருக்கிறார்கள். வெளியாள் எவரும் நுழைய முடியாத இடம் அது. கூலிக்குப் படமெடுப்பவர் எடுத்திருக்க இயலாத படங்கள் அவை. எனினும் அவர்கள் அமர ஒப்பினார்களா, அமர்த்தப்பட்டார்களா என்ற கேள்வியை எந்தத் தகடும் நமக்குச் சொல்வதில்லை.

கிழக்கே, 1862 முதல் 1896 வரை திரிபுராவை ஆண்ட பீர்சந்திர மாணிக்கியர் கவிஞர், இசைவாணர். இளம் தாகூரின் கவிதைத் திறனை முதலில் பாராட்டியவர்களுள் ஒருவர். அவரும் அவருடைய மனைவி மகாராணி மன்மோகினியும் சேர்ந்தே இக்கலையைப் பழகினார்கள். அகர்தலா அரண்மனையிலேயே ஒரு கேமரா கிளப் இயங்கியது, கண்காட்சியும் நடந்தது. இருவரும் நெருங்கி அமர்ந்து தாங்களே எடுத்துக்கொண்ட படமொன்று உண்டு. அரசரின் கை அரசியின் தோளை வளைத்திருக்கிறது. அக்காலத்து ஸ்டூடியோப் படங்களில் கணவன் நாற்காலியில் அமர, மனைவி மரம்போல் பக்கத்தில் நிற்பாள். இந்தப் படத்தை எடுக்க மூன்றாம் மனிதர் ஒருவர் அறையில் இருந்திருந்தால் அந்தக் கை அங்கே போயிருக்குமா என்று எண்ணிப் பார்க்கலாம்.

1870-களின் இறுதியில் ஜெலட்டின் உலர்தகடுகள் விற்பனைக்கு வந்தன. முன்கூட்டியே தயாரான தகட்டை வாங்கி, எடுத்து, பிறகு நிதானமாக உருத்துலக்கலாம். 1888-இல் ஈஸ்ட்மனின் கோடக் சுருள்படக் கருவி வந்தது. 1900-இல் ஒரு டாலர் விலையில் பிரௌனி வந்தது. வேலி தாழ்ந்தது. அரண்மனையிலிருந்து ஆர்வம் மாளிகைக்கும், மாளிகையிலிருந்து நடுத்தர வர்க்கத்து வீட்டுக்கும் இறங்கியது.

இந்த இடைக்காலத்தின் மனிதர் உம்ராவ் சிங் ஷேர்கில். 1870-இல் பிறந்து 1954-இல் மறைந்தவர். வடமொழியும் பாரசீகமும் கற்றவர். ஓவியர் அம்ரிதா ஷேர்கிலின் தந்தை. பஞ்சாப், புடாபெஸ்ட், சிம்லா, பாரிஸ் என்று குடும்பம் இடம்பெயர்ந்த இடமெல்லாம் கருவியும் பெயர்ந்தது. இளமையிலிருந்து முதுமைவரை, ஏறத்தாழ அறுபது ஆண்டுகள், அவர் படமெடுத்தது இரண்டே பொருள்களை: தம் குடும்பத்தை, தம்மை. தலைப்பாகையோடு, வெற்றுடம்போடு, யோக நிலையில், நூல்களுக்கு நடுவே, நோன்பிருந்து மெலிந்த உடலோடு என்று தம்மைத் தாமே ஓயாமல் எடுத்தார். விற்கவில்லை, தொழிலாக்கவில்லை. மகளின் ஓவியங்கள் புகழடைந்தன. 1941-இல் இருபத்தெட்டு வயதில் அம்ரிதா மறைந்தார். தந்தையின் படங்களோ மகளின் வாழ்க்கைக்கான சான்றுகளாக மட்டுமே நெடுங்காலம் பார்க்கப்பட்டன. பேரன் விவான் சுந்தரம் 2001-இல் 'ரீ-டேக் ஆஃப் அம்ரிதா' என்ற தொடருக்காக அப்படங்களை எடுத்தாண்ட பிறகே, தந்தையும் ஒரு கலைஞர் என்று உலகம் பேசத் தொடங்கியது.

உம்ராவ் சிங்கின் படங்களுள் ஒன்றைத் தனியாக எடுத்துப் பார்த்தால் அது சிறந்த படமாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அறுபதாண்டுப் படங்களை வரிசையாகப் பார்க்கும்போது வேறொன்று நிகழ்கிறது. ஒரே முகம் கறுப்புத் தாடியிலிருந்து வெண்தாடிக்கு நகர்கிறது. ஒரே சிறுமி வளர்ந்து ஓவியராகி, பிறகு படங்களிலிருந்து இல்லாமற்போகிறாள். இதை எந்தத் திறமையாலும் ஒரு நாளில் செய்ய முடியாது. ஸ்டூடியோக்காரரிடம் வாடிக்கையாளர் ஆண்டுக்கொரு முறை வருவார். அரசு ஒளிப்படக்காரர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். ஆர்வலர் மட்டுமே அங்கேயே இருக்கிறார். நீண்டகாலம் என்பதே அவருடைய தனிக் கருவி.

அதே காலத்தின் மற்றொரு முனையில் இரட்டைச் சகோதரிகள் இருவர்: 1919-இல் பிறந்த தேபலீனா மஜும்தார், மனோபீனா ராய். காசிக்கு எதிர்க்கரையிலுள்ள ராம்நகரில் வளர்ந்தவர்கள். பன்னிரண்டாம் பிறந்தநாளில் ஒளிப்பட ஆர்வலரான தந்தை ஆளுக்கொரு பெட்டிக் கேமரா வாங்கித் தந்தார். கழுவி அச்சிடவும் கற்றுத் தந்தார். மனோபீனா மணந்தது திரைப்பட இயக்குநர் பிமல் ராயை. திருமணம், பிள்ளைகள், பம்பாய் வாழ்க்கை எல்லாவற்றுக்கும் நடுவே அவர் படமெடுப்பதை நிறுத்தவில்லை. கணவரோடு வெளிநாடு சென்றபோது லண்டன் தெருக்களில் முன்பின் அறியாதவர்களை எடுத்த படங்கள் அவருக்கு உண்டு. சகோதரி தேபலீனாவும் கல்கத்தாவில் அவ்வாறே தொடர்ந்தார். இந்தியாவின் முதல் பெண் செய்தி ஒளிப்படக்காரர் ஹோமாய் வியாராவாலா இவர்களுக்கு ஆறாண்டுகள் மூத்தவர். அவருடைய படங்கள் செய்தித்தாள்களில் வந்ததால் நாடு அவரை அறியும். இச்சகோதரிகளின் பெயர்கள் வெளியே பேசப்படச் சபீனா கடிஹோக் போன்ற ஆய்வாளர்கள் வர வேண்டியிருந்தது.

வீட்டிலிருந்தபடி படமெடுத்த பெண்ணை வரலாறு ஏன் தாமதமாகக் கண்டது? ஆண் ஒருவர் ஊதியமின்றிப் படமெடுத்தால் அது அவருடைய 'ஆர்வம்'. பெண் எடுத்தால் அது வீட்டு வேலைகளுள் ஒன்றுபோல, குடும்ப ஆல்பத்தைப் பராமரிக்கும் கடமைபோலக் கொள்ளப்பட்டது. இதன் மறுபக்கமும் உண்டு. கணவர் இரவெல்லாம் குளியலறையை இருட்டறையாக்கி உள்ளே நின்ற வீடுகளில், மறுநாள் விடியலில் அந்தத் தட்டுகளைக் கழுவி அறையை மீட்டவர் யார் என்று எந்தக் கண்காட்சிக் குறிப்பேடும் எழுதவில்லை. ஒருவருடைய ஓய்வு மற்றொருவருடைய உழைப்பின்மேல் நிற்பது ஈரத்தகட்டுக் காலத்தோடு முடிந்துவிடவில்லை.

விடுதலைக்குப் பின் இவ்வார்வத்துக்கு நாடு தழுவிய வடிவம் கிடைத்தது. 1953-இல் இந்திய ஒளிப்படக் கூட்டமைப்பு தோன்றியது. அதை உருவாக்கியவர்களுள் முதன்மையானவரான பெங்களூரு ஜி. தாமஸ் இந்திய ஒளிப்பட வரலாற்றையும் எழுதினார். வங்காளத்தில் இதே பணியைச் செய்தவர் பொறியாளரும் அறிபுனை எழுத்தாளருமான சித்தார்த்த கோஷ். 1988-இல் வெளிவந்த அவருடைய 'சோபி தோலா' வங்காளியரின் ஒளிப்படப் பழக்கத்தை அவர்கள் மொழியிலேயே ஆராய்ந்த நூல். ஆர்வலர்களின் வரலாற்றைப் பல்கலைக்கழகங்களுக்கு முன்பே ஆர்வலர்கள் எழுதத் தொடங்கியிருந்தார்கள் என்பது என் போன்ற ஆய்வு மாணவர்கள் அடக்கத்தோடு நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி.

அந்நூலின் தலைப்பில் எனக்கொரு துறைசார்ந்த மகிழ்ச்சியும் உண்டு. 'தோலா' என்றால் தூக்குதல், எடுத்தல். வங்காளியர் படத்தைத் தூக்குகிறார்கள். இந்தியில் படத்தை 'கீஞ்ச்னா', அதாவது இழுக்கிறார்கள். அதே சொல் கோடிழுப்பதற்கும் உரியது. மராத்தியிலும் தெலுங்கிலும் வெளியே எடுக்கிறார்கள். குஜராத்தியில் 'பாட்வூ', விழச் செய்கிறார்கள். தமிழில் எடுக்கவும் செய்கிறோம், பிடிக்கவும் செய்கிறோம். ஐரோப்பாவிலிருந்து கருவி வந்தது. அதைக் கொண்டு என்ன செய்கிறோம் என்பதற்கான வினையை ஒவ்வொரு மொழியும் தன் வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டது.

கருவி நடுத்தர வர்க்கத்து வீடுகளுக்குள் பரவலாக வந்ததற்கு இரண்டு தொழிற்சாலைகள் துணைநின்றன. இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் வெளிநாட்டுக் கருவிகள் எட்டாக்கனியாக இருந்த காலத்தில், பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக் 3 குமாஸ்தாக்களின் கைக்கும் ஆசிரியர்களின் கைக்கும் வந்தது. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படங்கள், ஒவ்வொன்றும் ஆறு சென்டிமீட்டர் சதுரம். பெரிதாக்காமல் அப்படியே அச்சிட்டு ஆல்பத்தில் ஒட்டலாம். உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் சுருளும் தாளும் தந்தது. பன்னிரண்டே படங்கள் என்பது ஓர் ஒழுக்கத்தைக் கற்றுத் தந்தது. ஒரு திருமணம், ஒரு பிறந்தநாள், ஒரு சுற்றுலா எல்லாம் ஒரே சுருளில் முடிய வேண்டும். சுருள் தீர ஆறு மாதமானால் கழுவுவதும் ஆறு மாதம் கழித்துத்தான்.

ஒளிப்படச் சங்கங்களின் போட்டிகள் இவர்களைச் செதுக்கின. அதே போட்டிகள் இவர்களைக் குறுக்கவும் செய்தன. சுருக்கம் விழுந்த முதியவர் முகம், மாலைப் புழுதியில் திரும்பும் மந்தை, காசிப் படித்துறையில் படகு என்று பரிசுக்குரிய காட்சிகள் ஒரு பட்டியலாக இறுகின. ஆனால் இதே சூழலிலிருந்து பொறுமையைத் தொழிலாகக் கொள்ளாமல் நோன்பாகக் கொண்டவர்களும் வந்தார்கள். பெங்களூருவில் வாழ்ந்த டி.என்.ஏ. பெருமாள் காட்டுயிர்களுக்குப் பின்னால் தம் வாழ்நாளைச் செலவிட்டார். சென்னையின் மா. கிருஷ்ணன், எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன், வெவ்வேறு பாகங்களைச் சேர்த்து அமைத்த பாரமான கருவிக்குத் தாமே 'சூப்பர் பாண்டரோசா' என்று கேலிப்பெயர் சூட்டி, கறுப்பு வெள்ளையிலேயே யானைகளை எடுத்தார். கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் 1950 முதல் 1996-இல் தாம் மறையும்வரை அவர் எழுதிய இயற்கைப் பத்தியும் அதே பொறுமையின் மற்றொரு வடிவம்.

இப்போது என் பெட்டிக்குத் திரும்புகிறேன். விடுதி அறையில், கைப்பேசித் திரையின் வெள்ளை ஒளியை விளக்குமேசையாக்கி, நெகடிவ்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் ஆறு சென்டிமீட்டர் சதுரங்கள். பெரும்பாலானவை ஒரே மாடியில் எடுத்தவை. அதே கைப்பிடிச் சுவர். அதன்மேல் சாய்ந்த சிறுமி சில துண்டுகளில் சுவரைவிடக் குட்டை. சிலவற்றில் சுவருக்கு மேலே தோள்வரை தெரிகிறாள். ஒன்றில் பட்டமளிப்பு அங்கி அணிந்திருக்கிறாள். பின்னணியில் முதலில் வெற்று வானம். பிறகு எதிரே ஒரு கட்டடம் எழும்புகிறது. பிறகு அதன் மாடியில் தொலைக்காட்சி ஆன்டெனா. எடுத்தவர் ஒரே ஒரு துண்டில் இருக்கிறார்: தரையில் விழுந்த நிழலாக, நெஞ்சருகே கருவியைப் பிடித்த இரு முழங்கைகளோடு.

அவர் கலைஞரா என்று எனக்குத் தீர்ப்பளிக்கத் தெரியவில்லை. ஆனால் ஒரு தில்லித் தெருவின் இருபதாண்டு வளர்ச்சியும் ஒரு பெண் படித்துப் பட்டம் பெற்ற வரலாறும் அந்தப் பெட்டியில் உள்ளன. நகர வரலாற்று ஆய்வாளர் ஒருவர் இதைக் கண்டால் துள்ளுவார். ஆயினும் இதை எந்தக் காப்பகமும் எளிதில் ஏற்க முடியாது. ஏனெனில் எந்தத் தெரு, எந்த ஆண்டு, எந்தக் குடும்பம் என்ற மூன்று செய்திகளும் இல்லை. படம் அழியவில்லை, படத்தைப் படமாக்கும் சொற்கள் அழிந்துவிட்டன. ராம்சிங்கின் தகடுகளுக்கு ஓர் அரண்மனை இருந்தது. உம்ராவ் சிங்கின் தகடுகளுக்கு ஒரு பேரன் இருந்தார். இவருக்கு ஒரு சொல் மட்டும்தான் மிஞ்சியது.

நல்ல முயற்சிகள் நடக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். தில்லியின் அல்காஸி தொகுப்பு, கல்கத்தாச் சமூக அறிவியல் ஆய்வு மையத்தின் காட்சி ஆவணங்கள், 2010-இல் அனுஷா யாதவ் தொடங்கிய இந்திய நினைவுத் திட்டம், தமிழகத்தின் பழைய ஸ்டூடியோப் படங்களை மின்வடிவாக்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பணி எல்லாம் போற்றத்தக்கவை. ஆனால் எந்த நிறுவனமும் ஒவ்வொரு வீட்டுப் பரணுக்கும் வர இயலாது. அசிட்டேட் நெகடிவ்கள் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதையும்போது வினிகர் வாடை வீசும். அந்த வாடை வந்துவிட்டால் சுருங்கி நெளிவதைத் தடுப்பது கடினம். நம் கடலோர ஊர்களில் இந்த அவகாசம் இன்னும் குறைவு. கைப்பேசியில் ஆயிரக்கணக்கில் எடுக்கும் நம் நிலையும் பாதுகாப்பானதன்று. கடவுச்சொல் தெரிந்தவர் மறைந்தால் நம்முடைய அட்டைப் பெட்டியை எடைக்கு வாங்கக்கூட ஒருவரும் இருக்கமாட்டார்.

எனவே நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் தாத்தாவோ சித்தப்பாவோ அத்தையோ பிழைப்புக்காக அன்றிப் படமெடுத்தவர்களாக இருந்தால், அவர்கள் இருக்கும்போதே ஒரு பிற்பகல் உடன் அமருங்கள். ஒவ்வொரு படத்தின் பின்புறமும் மென்மையான பென்சிலால் மூன்று செய்திகளை எழுதுங்கள்: யார், எங்கே, எப்போது. பேனா வேண்டா, மை ஊறி முன்பக்கம் தெரியும். நெகடிவ்களை பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்துத் தாளுறையில் போட்டு, உலர்ந்த, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். எடுத்தவரின் பெயரையும் மறவாமல் எழுதுங்கள். ஆல்பத்தில் இருப்பவர்களின் பெயர் எப்படியாவது யாருக்காவது தெரிந்திருக்கும். கருவிக்குப் பின்னால் நின்றவரின் பெயர்தான் முதலில் மறக்கப்படும்.

என் பெட்டியின் மேல் நான் இப்போது ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன். வாங்கிய இடம், வாங்கிய நாள், துண்டுகளின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதினேன். எடுத்தவர் என்ற இடத்தில் நெடுநேரம் தயங்கினேன். 'பொழுதுபோக்கு' என்று எழுத மனம் வரவில்லை. 'பயில்முறை ஒளிப்படக்காரர், தில்லி, பெயர் தெரியவில்லை' என்று எழுதினேன். அந்த மாடியை அடையாளம் காணக்கூடியவர் எவரேனும் இதைப் படித்தால், பெட்டி அவர்களுக்கு உரியது.